பாகத்துக்கு லத்தீன், நோய்க்கு கிரேக்கம்: கண், ஒளி பற்றிய ஆங்கில வார்த்தைகள்

இளநிலை விழி:
வணக்கம். ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனைப் படிப்பு) முதல் வருஷம் படிக்கிறேன், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். பாடம் புரிகிறது, வார்த்தைகள்தான் உயிரை வாங்குகின்றன. கண் ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கத்தில் ஆக்குலர் என்கிறார்கள், அடுத்த பக்கத்தில் ஆப்டிக், அப்புறம் ஆஃப்தல்மிக், அது போதாதென்று விஷுவல். கார்னியா (விழியின் முன்பக்கத்தில் உள்ள ஒளி ஊடுருவும் படலம்) வீங்கினால் அந்தப் பெயரை வைத்தே ஏதாவது சொல்லித் தொலைக்கலாம், இல்லை, கெரடைடிஸ் என்கிறார்கள். சீனியர்களைக் கேட்டால் "கிரேக்க, லத்தீன் வேரைப் பிடித்துவிட்டால் தானாக வந்துவிடும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். எந்த வேர், எதைப் பிடிப்பது? பட்டியல் வேண்டாம், அது என்னிடம் நோட்டு நோட்டாக இருக்கிறது.

அகராதிப் பூனை:
பட்டியல் வேண்டாம் என்றதே நல்ல ஆரம்பம். ஒரே ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்: மருத்துவ ஆங்கிலத்தில் உடம்பின் பாகத்துக்குப் பெரும்பாலும் லத்தீன் பெயர், அதில் வரும் நோய்க்கும் செய்யும் அறுவைக்கும் கிரேக்கப் பெயர். ஹிப்போகிரட்டீஸும் கேலனும் நோய்களைப் பற்றி கிரேக்கத்தில் எழுதினார்கள், பிற்பாடு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் உடலை அறுத்துப் படித்தவர்கள் லத்தீனில் எழுதினார்கள், இரண்டும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டன.

உங்கள் கார்னியாவையே எடுங்கள். லத்தீனில் கார்னு என்றால் கொம்பு. சீவிய கொம்பு போல உறுதியாக, ஒளி ஊடுருவுகிறபடி இருப்பதால் கார்னியா. கிரேக்கத்தில் கொம்புக்கு கெராஸ், அதிலிருந்து கெரடைடிஸ், கார்னியாவின் வளைவை அளக்கும் கெரடோமீட்டர், கார்னியா மாற்று அறுவையான கெரடோபிளாஸ்டி. ஆக இரண்டும் ஒரே கொம்புதான். கண்ணீருக்கு லத்தீனில் லாக்ரிமா, எனவே சுரப்பி லாக்ரிமல் கிளாண்ட். கிரேக்கத்தில் டாக்ரி, எனவே கண்ணீர்ப் பை அழற்சி டாக்ரியோசிஸ்டைடிஸ். இமை லத்தீனில் பால்பெப்ரா, இமை வீக்கம் கிரேக்கத்தில் பிளஃபரைடிஸ். கண்ணே கூட அப்படித்தான்: லத்தீன் ஆக்குலஸ், கிரேக்க ஆஃப்தல்மோஸ். விதிவிலக்கு உண்டு, ஐரிஸ் கிரேக்கம், கண்ணின் வெள்ளைப் பகுதியான ஸ்கிளீராவும் கிரேக்கம் (கடினமானது என்று பொருள், ரத்தக் குழாய் தடித்துப்போகும் ஆர்டீரியோஸ்கிளிரோசிஸில் வருவதும் இதே ஆள்தான்). ஆனால் பத்துக்கு ஏழெட்டு இடத்தில் இந்த வழக்கம் கைகொடுக்கும்.

ஸ்லிட் லாம்ப்:
கண் ஆஸ்பத்திரியில் ரிஃப்ராக்‌ஷன் (கண்ணாடி பவர் சோதனை) பார்ப்பவன் நான். பூனை சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். லென்ஸ் என்பது லத்தீனில் மைசூர் பருப்பு. அந்த வடிவம் என்பதால் அந்தப் பெயர், வேறு ரகசியம் இல்லை. கிரேக்கத்தில் அதே பருப்புக்கு ஃபக்கோஸ். லென்ஸ் எடுத்துவிட்ட கண் அஃபேக்கியா, செயற்கை லென்ஸ் வைத்த கண் சூடோஃபேக்கியா, அல்ட்ராசவுண்டால் புரையைக் கரைத்து உறிஞ்சுவது ஃபேகோ எமல்சிஃபிகேஷன். சார்லஸ் கெல்மன் 1967-ல் ஆரம்பித்து வைத்தது. இன்றைக்குக் கிராமத்துப் பாட்டி கூட "ஃபேகோ பண்ணலாமா, தையல் போடணுமா" என்று கேட்கிறார், பருப்புக்குக் கிரேக்கத்தில் என்ன பெயர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஆஃப்தல்மாலஜி எழுதும்போது பி, ஹெச், டி, ஹெச் என்று நான்கு எழுத்தும் வர வேண்டும். கிரேக்க ஃபை, தீட்டா இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் வரும் தொல்லை. முதல் ஹெச்சை விழுங்கிவிட்டுப் போர்டே எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

சும்மா வந்தவன்:
எல்லாரும் ரசிக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். இந்த வேர் வித்தை படித்து முடித்தவர்களுக்குத்தான் இனிக்கும். புதிதாக ஒரு வார்த்தையைப் பார்த்து வேரை வைத்து அர்த்தம் ஊகித்தால் நேராகக் குழியில் விழுவீர்கள். ஸ்கோப் என்றால் பார்ப்பது என்று டெலஸ்கோப், மைக்ரோஸ்கோப் வைத்துச் சொல்லித் தருகிறீர்கள். ஸ்டெதஸ்கோப்பில் எதைப் பார்க்கிறார்கள்? லூமென் என்றால் ஒளி. ரத்தக் குழாயின் லூமென் என்று கார்டியாலஜி ரிப்போர்ட்டில் வருகிறதே, அங்கே என்ன பல்பா எரிகிறது? இனாக்குலேஷனில் ஆக்குலஸ் இருக்கிறது, தடுப்பூசியைக் கண்ணிலா போடுகிறார்கள்?

அகராதிப் பூனை:
கேள்வி மூன்றும் நல்ல கேள்வி, முடிவுதான் தப்பு. வேர் ஒரு பொருள் என்ன என்பதைச் சொல்லாது, பெயர் வைத்தவன் அந்த நேரத்தில் என்ன நினைத்தான் என்பதைத்தான் சொல்லும். அந்த அளவுக்கு மட்டும் அதை நம்பினால் குழியில் விழ வேண்டியதில்லை.

ஸ்கோப்பெய்ன் என்பதற்கு உற்று நோக்கு, ஆராய் என்று அர்த்தம். 1611-ல் ரோமில் கலிலியோவுக்கு ஒரு விருந்து வைத்தார்கள், அங்கே கிரேக்கம் தெரிந்த டெமிசியானி என்பவர் சொன்ன பெயர்தான் டெலஸ்கோப். அதுவரை கலிலியோ லத்தீனில் பெர்ஸ்பிசில்லம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருநூறு வருஷம் கழித்து, 1816-ல், பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், பிறகு மரக்குழாய் செய்தார். அவருக்கு அது மார்பை ஆராயும் கருவி, ஸ்டெதோஸ் என்றால் மார்பு. காதால் ஆராய்ந்தாலும் ஆராய்ச்சிதானே. லூமென் ஒளி மட்டும் இல்லை, ஒளி வருகிற திறப்பும்தான். குழாயைக் குறுக்கே வெட்டி இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்க வெளிச்சம் தெரியும், அந்த உள்வெளிதான் லூமென். இனாக்குலேஷன் தோட்டக்காரர்களிடமிருந்து வந்தது: ஒரு செடியின் மொட்டை வெட்டி இன்னொன்றில் ஒட்டுவது. மொட்டையும் ரோமர்கள் கண் என்றார்கள். நாமும் தேங்காய்க்கு மூன்று கண் என்கிறோம், உருளைக்கிழங்கில் முளைவிடும் இடத்தையும் கண் என்கிறோம், யாரும் போய்ப் பார்வை சோதிப்பதில்லை.

வெள்ளெழுத்து:
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். என் பெயரைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும், பிரெஸ்பயோப்பியாவுக்கு நம் ஊர்ப் பெயர் இது. பிரெஸ்பிஸ் என்றால் கிழவர், ஓப்ஸ் என்றால் கண், வேறு சொல்ல ஒன்றும் இல்லை. மயோப்பியாவுக்கு மியெய்ன், அதாவது மூடுவது. கிட்டப்பார்வைக்காரர் போர்டைப் படிக்கக் கண்ணை இடுக்குவார் இல்லையா, அதைப் பார்த்து வைத்த பெயர். கடைசி பெஞ்சில் அப்படி இடுக்கும் பிள்ளைகளை எத்தனை பேரைக் கண்ணாடி போடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

பெயர் வைத்தவர் நினைத்தது ஒன்று, உண்மை வேறு என்பதற்கு என் பாடத்தில் ஒரு உதாரணம். 1669-ல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் செய்யலாம் என்று சிறுநீரைக் காய்ச்சிக்கொண்டே போனார். தங்கம் வரவில்லை, இருட்டில் ஒளிரும் ஒரு பொருள் வந்தது. ஃபோஸ் ஒளி, ஃபோரோஸ் சுமப்பது, ஆகப் பாஸ்பரஸ். அதிலிருந்துதான் பாஸ்போரெசென்ஸ் என்ற வார்த்தை. ஆனால் பாஸ்பரஸ் ஒளிர்வது பாஸ்போரெசென்ஸால் அல்ல! அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால் வரும் வேதி ஒளிர்வு. முதலில் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக விடுவதற்குத்தான் அந்தப் பெயர், இருட்டில் மின்னும் ஸ்டிக்கர் நட்சத்திரம் மாதிரி. இதைப் பரீட்சையில் மாற்றி எழுதாத வகுப்பே கிடையாது.

ஸ்பெக்ட்ரமும் அப்படித்தான். லத்தீனில் தோற்றம், உருவெளி, பேய். 1672-ல் ராயல் சொசைட்டியில் வெளியான கடிதத்தில் நியூட்டன் முப்பட்டகத்திலிருந்து சுவரில் விழுந்த வண்ணப் பட்டையை அந்த வார்த்தையால் சொன்னார். பேய்க்கு ஆங்கிலத்தில் இன்றும் ஸ்பெக்டர் என்று பெயர் இருக்கிறது.

பழைய செமினரி:
ஐயா சொன்ன பாஸ்பரஸுக்கு லத்தீனில் நேர் வார்த்தை என்ன தெரியுமா? லூசிஃபர். லக்ஸ் ஒளி, ஃபெர்ரே சுமப்பது. இரண்டுமே முதலில் விடிவெள்ளியின் பெயர்கள், அதாவது சூரியன் வருமுன் தெரியும் வெள்ளிக் கோள். ஏசாயா 14:12-ல் பாபிலோன் அரசனை "விழுந்த விடிவெள்ளியே" என்று கேலி செய்யும் இடத்தை ஜெரோம் லத்தீனில் லூசிஃபர் என்று மொழிபெயர்த்தார், அது பிற்பாடு சாத்தானின் பெயராக நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அதே லத்தீன் பைபிளில் 2 பேதுரு 1:19-ல் நல்ல அர்த்தத்திலேயே லூசிஃபர் வருகிறது, உள்ளத்தில் உதிக்கும் விடிவெள்ளி என்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் தீக்குச்சிக்கு லூசிஃபர் என்று பெயர் வைத்து விற்றார்கள், டச்சு மொழியில் இன்றும் தீக்குச்சிக்கு அதுதான் வார்த்தை. மின்மினி ஒளிரும் ரசாயனம் லூசிஃபெரின், அதன் நொதி லூசிஃபெரேஸ், 1880களில் ரஃபேல் டுபுவா வைத்தது. பயப்பட ஒன்றும் இல்லை.

பிஷப் என்ற வார்த்தையும் இந்த இழைக்குள் வரும் என்றால் நம்புவீர்களா? கிரேக்கத்தில் எபிஸ்கொபோஸ், எபி மேலே, ஸ்கொபோஸ் பார்ப்பவர். வாயில் உருண்டு உருண்டு ஆங்கிலத்தில் பிஷப் ஆயிற்று. லத்தீன் துண்டுகளை வைத்து இதையே கட்டினால் சூப்பர்வைசர். தமிழ் பைபிளில் 1 தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் பிஷப்பைக் குறிக்கும் அந்த இடத்தில் "கண்காணியானவன்" என்றுதான் இருக்கிறது.

நுவரெலியா மழை:
வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தன், கண்காணி என்றதும் எழுத வேண்டியதாப் போச்சு. எங்கட மலையகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு பாரம் இருக்கிறது. கங்காணி என்றுதான் சொல்வோம். இந்தியாவிலிருந்து ஆட்களைக் கட்டிக்கொண்டு வந்தவர் பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சின்னச் சின்னக் கூட்டத்தை வேலை வாங்கியவர் சில்லறைக் கங்காணி. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் பதிவதிலிருந்து கடன் கணக்கு வரைக்கும் அவர் கையில்தான். ஆட்கள் கங்காணிக்குக் கடன்காரர், அதனால் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. கோப்பிக் காலத்தில் தொடங்கி தேயிலைக்கும் அதே முறை, மலாயாவிலும் அதே முறை. வெள்ளைக்காரன் மொழிபெயர்க்கக்கூட இல்லை, கங்காணி என்ற சொல்லையே ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டான், அகராதியிலும் இருக்கிறது. அண்ணன் சொன்ன கணக்குப்படி பார்த்தால் பிஷப், சூப்பர்வைசர், கங்காணி மூன்றும் உறுப்புப் பிரித்தால் ஒரே மாதிரிச் சொல். மூன்று பேரும் ஒரே ஆளா என்றால் என் தாத்தா சிரித்திருப்பார்.

வேர்ச்சொல் வேங்கை:
இவ்வளவு சுற்றுவானேன்? லக்ஸ், லூமென், லைட் எல்லாம் நம் "இலங்கு" தான். லுக் என்பது "நோக்கு". பியூப்பில் என்றால் பாவை. தமிழிலிருந்து போனது என்று ஒரு வரியில் முடிக்க வேண்டிய விஷயம்.

சும்மா வந்தவன்:
வந்துவிட்டார். நான் பாப்கார்ன் எடுத்துக்கொள்கிறேன்.

அகராதிப் பூனை:
வேங்கை அண்ணே, காதுக்கு ஒத்துப் போவது மட்டும் சாட்சி ஆகாது. மற்ற மொழிகளில் அதன் பழைய வடிவம், ஒலி மாறிய ஒழுங்கு எல்லாம் பொருந்தி வர வேண்டும். லக்ஸ், லூமென், நிலாவுக்கான லூனா, கிரேக்கத்தில் வெள்ளைக்கான லியூகோஸ் (ரத்தப் புற்றுநோயான லுக்கீமியாவில் வருவது), ஆங்கில லைட் எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். அந்தக் குடும்பத்தின் சமஸ்கிருதக் கிளை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: திரிலோசனர் என்கிறோமே, அந்த லோசனம், கண். ருச் என்றால் ஒளிர்வது, பிடித்துப்போவது, அதிலிருந்து ருசி. சாம்பார் ருசியாக இருக்கிறது என்று சொல்லும்போது லுக்கீமியாவின் தூரத்து உறவினரைத்தான் கூப்பிடுகிறீர்கள்.

பாவையைப் பற்றிச் சொன்னீர்கள் பாருங்கள், அது உண்மையிலேயே அருமையான இடம், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. லத்தீனில் பியூபில்லா என்றால் குட்டிப் பொம்மை. கிரேக்கத்தில் கோரே, பெண், பொம்மை, கண்ணின் கருமணி மூன்றுக்கும் அதே சொல். இரண்டு கண்ணிலும் கருமணி அளவு வேறுபட்டால் அனிசோகோரியா என்று எழுதுவீர்களே, அது. குறளில் "கருமணியிற் பாவாய்நீ போதாயாம்" என்று காதலன் கருமணிக்குள் இருக்கும் பாவையைப் போ என்கிறான், காதலிக்கு இடம் வேண்டுமாம். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. எதிரில் இருப்பவரின் கண்ணுக்குள் கிட்டப் போய்ப் பாருங்கள், கருவட்டத்தில் உங்கள் உருவமே விரல்நக அளவுகூட இல்லாமல் பொம்மையாக நிற்கும். ரோமிலும் ஏதென்ஸிலும் இங்கேயும் அதைத்தான் பார்த்தார்கள்.

வேர்ச்சொல் வேங்கை:
நோக்கு மட்டுமாவது கொடுங்கள்.

அகராதிப் பூனை:
தர முடியாது 🙂

கோபுரத்துப் புறா:
மருத்துவத்தை விட்டு வெளியே வந்தாலும் பார்வைதான் எங்கும் இருக்கிறது. நான் வங்கித் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன், ஸ்பெக் என்ற லத்தீன் வேரை இப்படித்தான் சொல்வேன்: திரும்பிப் பார்த்தால் ரெஸ்பெக்ட், தலையைக் குனிந்துகொண்டு கீழிருந்து பார்த்தால் சஸ்பெக்ட், மேலிருந்து கீழே பார்த்தால் டெஸ்பைஸ், வாசலில் நின்று வெளியே பார்த்தால் எக்ஸ்பெக்ட். ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள், அதிலும் சஸ்பெக்ட்டுக்கு ஒரு பையன் தன் மாமா முழியை அப்படியே பிடிப்பான். விசா என்றால் "பார்க்கப்பட்டது", அதிகாரி பார்த்துவிட்டார் என்பதற்கான குறி. ஆட்டோப்சி தன் கண்ணாலேயே பார்ப்பது. கேண்டிடேட் ஒளி வேர்: கேண்டிடஸ் என்றால் பளிச்சென்ற வெள்ளை, ரோமில் தேர்தலுக்கு நின்றவர் டோகா என்ற மேலாடையில் சுண்ணாம்புப் பொடி தேய்த்துக்கொண்டு வெள்ளை வெளேர் என்று வருவாராம். நம் ஊர் வேட்டிக்கு நீலம் போடுவது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது என்வி. லத்தீன் இன்விடியா, இன்விடேரே என்றால் கெட்ட எண்ணத்தோடு ஒருவரைப் பார்ப்பது. அப்பட்டமாகக் கண் வைப்பது. பூசணிக்காய் உடைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம், கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சொல்லி வளர்த்த ஊர்.

வெள்ளெழுத்து:
ஒளியும் பார்வையும் நம் பக்கத்தில் சந்தித்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லையே. ஹீலியம். 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க ஃபிரான்ஸிலிருந்து ஜான்சன் என்ற வானியலாளர் வந்து இறங்கியது குண்டூரில், அப்போது சென்னை மாகாணம். ஸ்பெக்ட்ரோஸ்கோப் வழியாகச் சூரிய விளிம்பின் தீநாக்குகளைப் பார்த்தவர், கிரகணம் இல்லாத நாளிலும் அவற்றைப் பார்க்க முடியும் என்று கண்டுகொண்டார். அதே வருஷம் அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் என்ற வானியலாளரும் தனியாக அதைச் செய்து, சோடியத்தின் கோடுகளோடு பொருந்தாத ஒரு மஞ்சள் கோட்டைக் குறித்தார். ஹீலியோஸ் என்றால் சூரியன், அதிலிருந்து ஹீலியம். கடைசியில் இருக்கும் "இயம்" சோடியம், கால்சியம் போல உலோகத்துக்கு வைக்கும் வால். உலோகம் என்று நினைத்து வைத்துவிட்டார்கள், 1895-ல் ராம்சே பூமியிலேயே அதைப் பிடித்தபோது அது வாயு. நியான், ஆர்கான் வரிசையில் இது மட்டும் தப்பான வாலோடு நிற்கிறது. பூனை சொன்ன "பெயர் வைத்தவன் நினைத்தது" இதைவிடத் தெளிவாக எங்கும் கிடைக்காது.

இளநிலை விழி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கெரடைடிஸ், பிளஃபரைடிஸ் எல்லாம் இனி மறக்காது. கண்புரைக்குச் சொல்லும் கேட்டராக்ட் என்றால் நீர்வீழ்ச்சி என்று புத்தகத்தில் ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது, அது ஏன்? கடைசியாக ஒன்று, நிக்டலோப்பியா, ஹெமரலோப்பியா இரண்டும் எனக்கு மாறி மாறி வருகிறது. நிக்ஸ் இரவு, ஹெமெரா பகல் என்று தெரியும். அப்படியானால் நிக்டலோப்பியா இரவில் கண் தெரிவதா, தெரியாததா?

ஸ்லிட் லாம்ப்:
கேட்டராக்ட்: மூளையிலிருந்து ஒரு கெட்ட நீர் இறங்கி வந்து கண்மணிக்கும் லென்ஸுக்கும் நடுவில் உறைகிறது என்று பழைய மருத்துவர்கள் நம்பினார்கள். அரபியிலும் இந்த நோய்க்கு "நீர்" என்றுதான் பெயர். லென்ஸே மங்குகிறது என்று பிறகுதான் தெரிந்தது, பெயர் போகவில்லை. நம் "புரை" எவ்வளவோ மேல். அதே போல டெரிஜியம் குட்டி இறக்கை, ஹெலிகாப்டரில் பின்பாதியும் அந்த இறக்கைதான், ஓ.பி.யில் வருபவர் "சதை வளர்ந்திருக்கு" என்பார்.

நிக்டலோப்பியாவில் நீங்கள் குழம்புவது உங்கள் தவறே இல்லை. நிக்ஸ் இரவு, அலாவோஸ் குருடு, ஓப்ஸ் கண். நடுவில் இருக்கும் குருடு கண்ணுக்குப் படாது, அதனால் "இரவில் தெரியும் கண்" என்றும் படிக்கலாம். பழைய கிரேக்க, லத்தீன் நூல்களிலேயே இரண்டு அர்த்தத்திலும் வருகிறது. இன்றைக்கும் ஆங்கிலத்தில் ஹெமரலோப்பியா என்றால் பகலில் கண் கூசித் தெரியாமல் போவது, ஃபிரெஞ்சுக்காரர் அதே வார்த்தையை மாலைக்கண்ணுக்குச் சொல்வார். வைவாவில் கேட்டால் நிக்டலோப்பியா மாலைக்கண், வைட்டமின் ஏ குறைவு, ரோடாப்சின் (மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரை நிறமி) என்று சொல்லிவிடுங்கள். கேஸ் ஷீட்டில் மட்டும் தயவுசெய்து நைட் பிளைண்ட்னெஸ் என்றே எழுதுங்கள், அடுத்த ஷிப்டில் வருபவர் எந்த ஊரில் படித்தவர் என்று யாருக்குத் தெரியும்.